மழைநாளில் வீடு பார்க்கப் போகிறீர்களா? சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "ஒரு வீடு பார்த்திருக்கோம், சாயந்திரம் கூட வந்து ஒரு பார்வை பார்க்கிறீங்களா?" கட்டட வேலையில் பல வருடம் சைட் சூப்பர்வைசராக நின்றவன், சென்னைக்குள்ளேயே ஏழு வாடகை வீடு மாறியவன் என்று எனக்கு இரண்டு தகுதிகள். போகிற இடத்திலெல்லாம் அதே கேள்விகள்தான் வருகின்றன. எழுதி வைத்துவிட்டால் இதை அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடலாம். இதில் உள்ளதெல்லாம் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்துச் சொன்னது. பெரும்பாலும் வாடகை வீட்டுக்கு. வாங்குபவர்களுக்கும் கொஞ்சம் உண்டு.

மழை ஓயட்டுமே, தை பிறந்ததும் நிதானமாகப் பார்க்கலாமே?

பார்க்கலாம். ஆனால் தை மாதத்து வீடு, பெண் பார்க்க வரும் நாளில் கூடம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். எல்லாம் துடைத்து, அடித்து, சிரித்த முகமாக. சென்னைக்கு வருடத்துக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. ஒழுகும் சுவர் மீதி ஒன்பது மாதம் பெரும்பாலும் வாய் திறக்காது.

நான் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டை மே மாதம் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், புது பெயிண்ட். நவம்பரில் மனைவி பட்டுப்புடவை எடுக்க அலமாரியைத் திறந்தபோது அடுக்கின் பின்பக்கம் கறுப்பு கறுப்பாகப் பூத்திருந்தது. அந்தப் புது பெயிண்ட் அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டட வேலைக்காரன் நான். இன்றுவரை வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இன்னொரு லாபமும் இருக்கிறது. மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். கார்த்திகை பாதி தாண்டியும் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் தை வரை வாடகை இழக்க வேண்டும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்ப்பவருக்குப் பேரம் பேசும் பலம் கொஞ்சம் கூடும்.

கொட்டும்போது போவதா, விட்ட பிறகு போவதா?

முடிந்தால் இரண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு சேதி சொல்லும்.

கொட்டும்போது தெரிவது தண்ணீரின் வழி: தெருவில் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாசலில் திரும்புகிறதா, மாடிக் குழாய் எங்கே கக்குகிறது, சன்னல் வழியாகச் சாரல் எவ்வளவு தூரம் வருகிறது. விட்டு ஒருநாள், ஒன்றரை நாள் கழித்துத் தெரிவது கசிவு. கான்கிரீட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். மழையின்போது காய்ந்திருந்த மேல்தளம் மறுநாள் மத்தியானம் சொட்டும். "நல்ல மழையில பார்த்தோம் சார், ஒரு சொட்டு இல்ல" என்று நிம்மதியாக முன்பணம் கொடுத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். மழை விட்டு 4, 5 நாள் கழித்தும் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவுக்கு வடிகால் இல்லை, அல்லது வடிகால் இருந்தும் அதன் மறுமுனை எங்கும் போகவில்லை.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் மழை விட்ட மறுநாள் போங்கள்.

ரெட் அலர்ட் அன்று போகலாமா?

வேண்டாம். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்று எச்சரிக்கிறார்கள் என்று பொருள். திறந்து கிடக்கும் மேன்ஹோல் தெரியாது, தெருவோர மின்பெட்டி தண்ணீரில் நிற்கும். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பார்க்கிற அளவுக்கு எந்த வீடும் பெரிய வீடு இல்லை. போன் போட்டு அந்தத் தெருவில் இருப்பவர் யாரிடமாவது ஒரு வீடியோ கேளுங்கள், போதும்.

வீட்டுக்குள் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

உள்ளே போகாதீர்கள். முதல் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள்.

இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. மழை, வீடு என்றாலே எல்லோரும் அண்ணாந்து மேல்தளத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை சுவர் ஈரத்தில் பெரும்பாலானதைப் பணம் செலவழித்தால் சரிசெய்யலாம். பக்கத்துத் தெருவைவிட உங்கள் தெரு ஒன்றரை அடி பள்ளம் என்றால் அதைச் சரிசெய்ய உங்களாலும் முடியாது, வீட்டுக்காரராலும் முடியாது. அதனால் முதலில் தெரு, அப்புறம் வாசல், சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி), மொட்டை மாடி, கடைசியாகத்தான் ஹால். புரோக்கர் உங்களை நேராக மாடுலர் கிச்சனுக்கு இழுத்துக்கொண்டு போவார். போகட்டும், அவர் வேலை அது.

தெரு பள்ளமா மேடா என்று கண்ணால் எப்படித் தெரியும்?

மழை பெய்தால் தண்ணீரே சொல்லிவிடும். ஓடுகிற தண்ணீரைத் தொடர்ந்து நடங்கள். அது உங்கள் வீட்டை விட்டு விலகி ஓடினால் சரி. உங்கள் வாசலுக்கு வந்து நின்று யோசித்தால் கவலைப்படுங்கள்.

மழை இல்லாவிட்டால் படிகளை எண்ணுங்கள். சென்னையில் பல வருடங்களாகப் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது, வீடு இறங்கிவிட்டது. கட்டும்போது நாலு படி ஏறிப் போன வீடு இன்று ஒரு படியில் நிற்கும். சில வீடுகளில் படி உள்பக்கமாக இறங்கும். கேட்டைத் திறந்ததும் கீழே இறங்கும் வீட்டை வாடகைக்கு எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. வாசலில் முக்கால் அடிக்குப் புதிதாக ஒரு சிமெண்ட் வரப்பு கட்டியிருந்தால் அது கோலம் போடுவதற்காகக் கட்டியதல்ல.

சுற்றிப் பாருங்கள். பக்கத்து வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்களா? வீட்டை அப்படியே 3, 4 அடி உயர்த்தித் தருவது சென்னையில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒரு தெருவில் இரண்டு வீட்டை உயர்த்தியிருக்கிறார்கள் என்றால், உயர்த்தாத மூன்றாவது வீட்டைத்தான் உங்களுக்குக் காட்டுகிறார்கள். அந்த இரண்டு வீட்டுத் தண்ணீரும் அங்கேதான் வரும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. கார் வைத்திருப்பவர் மழைக்கு முன்னால் வண்டியை எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று கேட்டாலே அந்த ஏரியாவின் மட்டம் தெரிந்துவிடும்.

யாரிடம் விசாரிப்பது?

வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்டு என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பால் பாக்கெட் போடுபவர், எதிர்வீட்டு வாட்ச்மேன். இவர்களுக்கு அந்த வீடு வாடகைக்குப் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான்.

"தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள். "அதெல்லாம் வராது சார்" என்று சும்மா சொல்லிவிடுவார்கள், அல்லது குடிதண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்து மெட்ரோ வாட்டர் கதையைத் தொடங்குவார்கள். வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள். முடிச்சூர் பக்கம் ஓர் இஸ்திரிக்காரரிடம் "அண்ணே, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வண்டியின் மேல் பலகையைத் தொட்டுக் காட்டினார். "23-ல?" முழங்காலுக்குக் கீழே கையைக் கொண்டுபோனார். "நாலு நாள் நின்னுச்சு சார். கரண்டு அஞ்சாம் நாள்தான் வந்துச்சு." எத்தனை நாள் நின்றது என்ற கணக்கு எந்த ஆவணத்திலும் கிடைக்காது.

2015-இல் தண்ணீரே வரவில்லை என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

உண்மையாகவும் இருக்கலாம். அந்த டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை என்று உள்ளே புகுந்தது. ஆனாலும் ஒரு தெரு மூழ்க, இரண்டு தெரு தள்ளி வாசல்கூட நனையாத இடங்கள் இருந்தன. அதனால் ஏரியா பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சாட்சி வீட்டிலேயே இருக்கும். ஜாபர்கான்பேட்டையில் பார்த்த ஒரு கீழ்த்தள வீட்டில் மீட்டர் பலகை என் தலைக்கு மேலே இருந்தது. ஏன் இவ்வளவு உயரம் என்று அதற்கு நேர் கீழே தடவிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் பட்டி வைத்து அடைத்த நாலு திருகு ஓட்டைகள், சதுரமாக. பழைய பலகை இருந்த இடம். நிலைக்கதவின் அடிப்பாகத்தில் மட்டும் ஒட்டுப்போட்ட மரம், கேட்டின் கீழ்ப்பாதியில் மட்டும் துரு, பிளக் பாயிண்டுகள் எல்லாம் நாலடிக்கு மேலே. வீட்டுக்காரர் அப்போதும் "ஒரு சொட்டு வரல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பெரியவரிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது?

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: 2015-இல் தப்பித்த இடம் எப்போதும் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. 2015-இல் முக்கியக் குற்றவாளி ஆறு. 2021 நவம்பரில் தி.நகரும் கொளத்தூரும் தண்ணீரில் நின்றதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகு விட்டதும் ஆறு பொங்கி அல்ல. பெய்த மழைக்குப் போக வழியில்லை. ஆகவே இரண்டு, மூன்று வருடங்களைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த இடம் ஏரியாக இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பெயரைப் படியுங்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கலில் ரயில் ஏறுகிறவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத் தேடினால் கிடைக்காது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் டேங்க் பண்ட் ரோடும் இருக்கின்றன, தண்ணீர்தான் இல்லை. 1920-களில் அங்கிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து உருவானதுதான் தி.நகர். அதற்காக தி.நகரில் குடியிருக்கக் கூடாதா என்றால், அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் பாதிப்பேர் நடுத்தெருவில் நிற்க வேண்டும். பெயர் வெறும் குறிப்புதான்.

வாங்குபவர்கள் இதோடு நிற்கக் கூடாது. கிராம வரைபடத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் கோடு போட்டிருக்கும். சர்வே எண்ணை வைத்து நிலம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று 'அ' பதிவேட்டிலும், நகர்ப் பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டிலும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்ற வார்த்தை பக்கத்து எண்ணில் இருந்தாலும் வக்கீலைப் பார்க்காமல் நகராதீர்கள். பிறகு கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். 2002, 2005 என்று போகும்போது வீடுகள் மறைந்து, வயல் வந்து, சில இடங்களில் பச்சையும் நீலமுமாக நாணல் வரும். காசு செலவில்லாத சோதனை.

சம்ப் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்கிறீர்களே, அது எதற்கு?

வாஸ்துப்படி சம்ப் ஈசானிய மூலையில் இருக்க வேண்டும் என்பார்கள். கிழக்கு வாசல் வீட்டுக்கு அது பெரும்பாலும் தெருவை ஒட்டிய இடமாக அமைந்துவிடும். ரோடு ஏற ஏற சம்ப் மூடி ரோட்டைவிடத் தாழ்ந்து போகிறது. தெருத் தண்ணீர் உள்ளே இறங்கினால் குளியல், சமையல், பல் தேய்ப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். மூடி தரையோடு தரையாக இருந்தால் சுற்றி ஓரடி உயரத்துக்குச் சுவர் எழுப்பித் தரச் சொல்லுங்கள். ஒருநாள் வேலை.

மூடியைத் திறந்து, மோந்து, உட்சுவரைப் பாருங்கள். மழை நாளில் சம்பின் பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் உள்நோக்கி வடிந்தால் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அந்த நிலத்தடி நீரில் என்ன இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வீட்டில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கார்த்திகையில் மூன்றடியில் தண்ணீர் நிற்கும் இடங்கள் உண்டு. குடிக்க நல்ல சேதி, அஸ்திவாரத்துக்குச் சேதியே வேறு.

கீழ்த்தள வீடென்றால் இன்னொன்று: தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் திரும்பி முதலில் எட்டிப் பார்ப்பது உங்கள் குளியலறை ஓட்டை வழியாகத்தான். பிளம்பர்கள் ஒருவழி வால்வு போடுவார்கள். "ரிட்டர்ன் வால்வு இருக்கா சார்?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் இல்லை.

சுவரில் ஈரம் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வது?

கறையின் உருவத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை ஏறி, மேல் விளிம்பு அலைபோல் ஓடினால் அது ஓதம். பெயிண்ட் உரிந்து, தொட்டால் வெள்ளை உப்பு மாவு போல விரலில் ஒட்டும். அஸ்திவாரத்திலிருந்து செங்கல் தண்ணீரைத் திரி மாதிரி உறிஞ்சுகிறது. மழை விட்டதும் போகும் என்று சொல்வார்கள். குறையும், போகாது. மேலே பட்டி பூசி மறைப்பது ஒரு சீசன்தான் தாங்கும்.

மேல்தளத்தில் வட்டமாக, ஓரம் மட்டும் கறுத்து, டபராவை எடுத்த இடத்தில் காபிக் கறை நிற்பது போல இருந்தால் மேலிருந்து இறங்குகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, மூன்று வளையம் இருந்தால் பல தடவை நனைந்து காய்ந்திருக்கிறது. மேலே மொட்டை மாடியா, மாடி வீட்டுக் குளியலறையா என்று பாருங்கள். குளியலறை என்றால் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சித்திரையிலும் சொட்டும். மேல்வீட்டுக்காரர் ஒத்துழைத்தால்தான் சரியாகும், அதனால் நான் இதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான ஈரம் என்பேன். ஓட்டையைவிட மனிதரைச் சரிசெய்வது கஷ்டம்.

சன்னலைச் சுற்றி, அல்லது வெளிச்சுவரின் விரிசலை ஒட்டிக் கோடு கோடாக இறங்கினால் சாரல். இங்கே பருவமழைக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும்தான் அதிகம் அடி வாங்கும். அந்த இரண்டு பக்கத்துச் சுவரில் தலை வைத்துப் படுக்கும் அறை எது என்று பாருங்கள். சன்ஷேட் எவ்வளவு நீண்டிருக்கிறது, அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு வெட்டியிருக்கிறார்களா என்பதையும். கோடு இல்லாவிட்டால் தண்ணீர் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து வந்துவிடும்.

எந்த ஒழுங்கிலும் இல்லாமல் ஒரே இடத்தில் எப்போதும் ஈரமாக இருந்தால் சுவருக்குள் புதைத்த குழாய்.

மேல்தளத்தில் சிமெண்ட் உப்பியிருக்கும் இடத்தை ஒரு குச்சியால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். என்று கடற்கரையை ஒட்டிய பழைய ஃபிளாட்டுகளில் உப்புக் காற்றால் இது சகஜம். தொட்டில் கட்டுகிற கொக்கி அங்கே இருந்தால் குழந்தை வைத்திருப்பவர்கள் யோசியுங்கள்.

வெறும் ஈரக் காற்றால்கூடச் சுவர் வியர்க்குமே?

வியர்க்கும். சந்தேகம் இருந்தால் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள், இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தால் போதும். வாடகைக்குப் பார்க்கும் வீட்டில் இப்படி ஒட்டிவிட்டு வர விடமாட்டார்கள். வாங்குபவர்கள் கேட்டால் விடுவார்கள்.

மொட்டை மாடியில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சாவி கேளுங்கள். "மாடி சாவி ஊர்ல இருக்கு" என்றால் நானும் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

தண்ணீர் குளம் கட்டி நிற்கிறதா, எத்தனை ஓட்டை வழியாக வடிகிறது, அந்த ஓட்டையில் வேப்பிலை அடைத்திருக்கிறதா. மழை இல்லாத நாளில் குளம் கட்டும் இடம் பச்சையும் கறுப்புமாகப் பாசித் தடம் போட்டிருக்கும். தட்டோடு (தட்டையான தள ஓடு) பதித்திருந்தால் இடுக்குகளில் செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். வேர் போகும் வழியில் தண்ணீர் போகும். அரசங்கன்று ஒன்று கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்தால் அதைப் பிடுங்காதீர்கள், வெறுமனே படம் எடுத்துக்கொண்டு வாடகையில் குறைத்துக் கேளுங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கும் ஏ.சி. ஸ்டாண்டுக்கும் தளத்தைத் துளைத்து போல்ட் அடித்திருந்தால், நேர் கீழே உங்கள் அறையில் எந்த இடம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மயிலாப்பூரில் பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை. எடுக்கலாமா?

எனக்குப் பிடித்த வீடுகள் அவை. மர உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மேலே தட்டோடு. பராமரித்தால் பல தலைமுறை நிற்கும். நடுவில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காமல், உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். மழை நீர் சுவர் வழியே இறங்கி அங்கேதான் மரத்தை உளுத்துப்போக வைக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்தினால் கேக் மாதிரி உள்ளே போனால் வேண்டாம். சுண்ணாம்புத் தளத்தின் மேல் யாராவது சிமெண்ட் பூசி வைத்திருந்தாலும் கவனம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும்.

மின்சாரத்தில் என்ன சோதிப்பது?

ஈரச் சுவரில் சுவிட்ச் பலகை இருந்தால் கை வைக்காதீர்கள், முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெயின் பெட்டியில் ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். அதில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் பட்டென்று கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பெட்டி சுவரில் அலங்காரத்துக்கு இருக்கிறது. அழுத்துவதற்கு முன் வீட்டில் யாரும் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், நான் ஒருமுறை கேட்காமல் அழுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாடி ஃபிளாட், கீழே முழுக்க கார் பார்க்கிங். அப்படியானால் தண்ணீர் பயம் இல்லைதானே?

உங்கள் ஹாலுக்கு வராது. ஆனால் மோட்டார், ஜெனரேட்டர், மின் பேனல் பலகை, லிஃப்டின் பள்ளம் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. அவை நனைந்தால் தண்ணீர் ஏறாது, லிஃப்ட் ஏறாது, கரண்ட் இருக்காது. மூன்றாம் மாடியில் 75 வயது அம்மாவோடு நாலு நாள் அப்படி இருந்து பாருங்கள். பேனல் பலகையும் ஜெனரேட்டரும் மேடை கட்டி உயர்த்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால்கூடப் போதும், அந்த அசோசியேஷன் பாடம் கற்றதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் சாம்பிராணி வாசனை வந்தது. பக்தியான வீடோ?

இருக்கலாம். கால் மணி நேரம் இருந்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள்.

இப்போது குடியிருப்பவர்கள் இருக்கும்போது எப்படிப் பார்ப்பது? சங்கடமாக இருக்கிறதே.

செருப்பை வெளியே விட்டு, ஈரக் காலைத் துடைத்து, குடையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். படுக்கையறைக்குப் போகும் முன் "அக்கா, உள்ள பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை. பீரோவை நகர்த்திப் பார்க்க வேண்டாம். அவர்கள் பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே போதும். தானாக யாரும் அப்படி வைப்பதில்லை.

வீட்டுக்காரரோ புரோக்கரோ அருகில் இருக்கும்போது குடியிருப்பவர்களிடம் எதுவும் கேட்காதீர்கள். அவர்களுக்கு இன்னும் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டியிருக்கும். கிளம்பும்போது தனியாகக் கிடைத்தால் "ஏன் காலி பண்றீங்க?" என்று மட்டும். பதிலைவிட அதற்கு முன் வரும் மௌனத்தைக் கவனியுங்கள்.

கொஞ்சம் ஈரம் இருக்கிறது, ஆனாலும் வீடு பிடித்துவிட்டது. எப்படிப் பேசுவது?

தெரு நன்றாக இருந்து சுவரில் மட்டும் ஈரம் என்றால் எடுக்கலாம். "பெயிண்ட் அடிச்சுத் தரேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரச் சுவரில் இப்போது பெயிண்ட் அடித்தால் அது கொப்பளித்துக்கொண்டு வரும். முதலில் காரணத்தை அடைக்க வேண்டும், பிறகு சுவர் காய வேண்டும், அது மாசி, பங்குனிக்கு மேல்தான். அதுவரை அந்த அறைக்காக வாடகையில் குறைக்கச் சொல்லி, இன்ன வேலையை இன்ன மாதத்துக்குள் முடிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு மழையோடு வடிந்துவிடும்.

2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், கட்டட ரிப்பேர், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் மாதிரிச் சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு. அட்வான்ஸ்கூட 3 மாத வாடகைதான், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை. அந்த 'வேறு மாதிரி' என்ற இடைவெளியில்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

குடிபோகும் அன்றே கறை உள்ள இடங்களையெல்லாம் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் காசு பிடிக்க முடியாது.

புது ஃபிளாட் வாங்குகிறோம். முதல் மழையிலேயே ஒழுகினால்?

2016-ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்து சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். போனில் சொன்னால் சாட்சி இருக்காது, மின்னஞ்சல் போடுங்கள். சாவி வாங்கும் முன்பே குளியலறை ஓட்டைகளையும் மாடி ஓட்டைகளையும் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பில்டர் முகம் சுளிக்க மாட்டார்.

கையில் என்னென்ன எடுத்துப் போவது?

டார்ச், டெஸ்டர், தட்டுவதற்கு ஒரு குச்சி, டேப். மேஸ்திரி யாராவது தெரிந்தால் ரசமட்டம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நொடியில் காட்டும். இல்லாவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாலே தெரியும். குடை வேண்டாம், ரெயின்கோட் போட்டுக்கொள்ளுங்கள். சம்ப் மூடியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.